பொமரேனியன் நாய்க்குட்டி: முதல் ஓராண்டு வளர்ப்பு

பொமரேனியன், ஸ்பிட்ஸ் வகை நாய்களுள் மிகச் சிறிய இனங்களில் ஒன்று. கூரிய முகவாய், நிமிர்ந்த சிறு காதுகள், முதுகின்மேல் மடிந்து கிடக்கும் வால், இரண்டு அடுக்காக அடர்ந்த முடி ஆகியவை ஸ்பிட்ஸ் வகையின் பொது அடையாளங்கள். ஸ்பிட்ஸ் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கூரானது என்று பொருள். சைபீரியாவின் சமோயெட், ஜப்பானின் அகிடா போன்ற பெரிய நாய்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

வளர்ந்த பொமரேனியனின் எடை பொதுவாக 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்கும். குளிப்பாட்டும்போது முடி உடலோடு ஒட்டியதும் பாதி நாய் காணாமல் போய்விடும். அப்போதுதான் அது எவ்வளவு சிறிய உயிர் என்பது தெரியவரும். முதல் ஆண்டில் இந்தக் குட்டிக்கு வரும் தொல்லைகள் பலவற்றையும் இந்த முடியே மறைத்துவிடுகிறது. எடை குறைவது கண்ணுக்குத் தெரியாது. உண்ணி ஏறியதும் தெரியாது. கால் எலும்பு எவ்வளவு மெல்லியது என்பதும் தெரியாது. கண்ணை நம்பாமல் கையால் தொட்டுப் பார்த்து வளர்க்க வேண்டிய குட்டி இது.

பெயரும் மரபும்

பொமரேனியா என்பது பால்டிக் கடலின் தென்கரையில் உள்ள நிலப்பகுதி. இன்று அதன் பெரும்பகுதி போலந்திலும் எஞ்சியது ஜெர்மனியிலும் உள்ளது. அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஸ்பிட்ஸ் நாய்கள் இன்றைய பொமரேனியனைவிட மிகவும் பெரியவை. 1888ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றிருந்த விக்டோரியா அரசி, மார்க்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கிவந்தார். 1891ஆம் ஆண்டு கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அவருடைய பொமரேனியன்கள் இடம்பெற்றன. அரசி வளர்ப்பது என்பதால் சிறிய உருவத்துக்கு மவுசு கூடியது. வளர்ப்பாளர்கள் சிறியவற்றையே தேர்ந்து இணைசேர்க்க, இனமே சுருங்கிப்போனது. உடல் சுருங்கினாலும் பற்களின் எண்ணிக்கை சுருங்கவில்லை. குரைக்கும் வழக்கமும் குறையவில்லை. இந்த இரண்டின் விளைவுகளையும் குட்டி வளர்ப்பவர் முதல் ஆண்டிலேயே சந்திக்க நேரும்.

1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டு வீடுகளில் பொமரேனியன் என்ற பெயரில் வளர்ந்த வெள்ளை நாய்களில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் நாய்கள். 1994இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்த நாயும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். இது பொமரேனியனைவிடப் பெரியது. முகவாயும் சற்று நீண்டது. சிறிய வகையே 5 முதல் 7 கிலோ எடை வரும். நம் ஊர் வெயிலுக்கும் ஓரளவு பழகியது. இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் பெரும்பகுதி அந்தக் குட்டிக்கும் பொருந்தும். சர்க்கரைத் தாழ்வும் எலும்பு முறிவும் மட்டும் அதற்குப் பொமரேனியன் அளவுக்கு அச்சம் தருபவை அல்ல.

எந்த வயதில் வாங்குவது

பொமரேனியன் ஓர் ஈற்றில் ஒன்று முதல் நான்கு குட்டிகள் வரை ஈனும். பிறக்கும்போது குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. இரண்டு வாரம் ஆகும்போது கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். அதே சமயத்தில் பால் பற்கள் ஈறைக் கிழித்து வரும். நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அது கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. கடித்தால் எதிரில் இருப்பவருக்கு வலிக்கும் என்பதே அது. பல்லை அழுத்திக் கடித்தால் மற்ற குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். ஐந்து வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. பின்னால் வீட்டில் உள்ள குழந்தைகளின் விரல்கள் அதற்கு விலை கொடுக்கின்றன.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு இந்திய விதிகள் கூறுகின்றன. பொமரேனியன் போன்ற பொடி இனத்துக்குப் பத்து வாரம் வரை காத்திருந்தால் இன்னும் நல்லது. குட்டி மிகச் சிறியதாக இருக்கும்போது அழகு கூடுதல் என்று வாங்குபவர் நினைப்பதால், விற்பவர் வயதைக் கூட்டிச் சொல்வதுண்டு. வாயைத் திறந்து பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். எட்டு வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28உம் முளைத்திருக்க வேண்டும். கடைவாயில் வெறும் ஈறு தெரிந்தால் சொல்லப்பட்ட வயதைச் சந்தேகிக்கலாம்.

'டீகப் பொமரேனியன்' என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவது தனி இனம் அன்று. ஈற்றில் மிகச் சிறியதாகப் பிறந்த குட்டியையோ, வளர்ச்சி குன்றிய குட்டியையோ, வயது குறைந்த குட்டியையோ அந்தப் பெயரில் விற்கிறார்கள். சில குட்டிகளுக்கு உச்சந்தலை எலும்பு மூடாமல், விரலால் தொட்டால் மெத்தென்று அமுங்கும். அது சில மாதங்களில் தானே மூடிக்கொள்வதுண்டு. ஆனால் மூளைநீர்க் கோப்பின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. முடிந்தால் குட்டியின் தாயையும் நேரில் பார்ப்பது நல்லது. தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது.

முதல் சில வாரங்கள்: சர்க்கரைத் தாழ்வு

புதுவீட்டுக்கு வந்த பொமரேனியன் குட்டிக்கு உள்ள உடனடி ஆபத்து, இரத்தத்தில் சர்க்கரை குறைவது. உடல் சிறியது என்பதால் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை மிகக் கொஞ்சம். அதே சமயம் உடல் வெப்பத்தைக் காக்க அது செலவிடும் ஆற்றல் அதிகம். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே சேமிப்பு தீர்ந்துவிடும். குட்டி வந்த முதல் நாள் இதற்கு எல்லா வழிகளையும் திறந்துவிடுகிறது. நெடும்பயணம், புது இடத்தின் அச்சம், உணவு மாற்றம் எல்லாம் ஒன்றுசேரும். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்ச, குட்டி உறங்காமலும் உண்ணாமலும் மாலையாகிவிடும்.

குட்டி சோர்ந்து படுத்துவிடும், எழுந்தால் தள்ளாடும், உடல் நடுங்கும், ஈறு வெளிறும், முற்றினால் வலிப்பு வந்து நினைவு தவறும். தூங்குகிறது என்று எண்ணி விட்டுவிட்டால் உயிர் போய்விடக்கூடும். தேன், குளுக்கோஸ் கரைசல், கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் இவற்றில் கைக்குக் கிடைத்ததை விரலில் தொட்டு ஈறின்மேல் தடவ வேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் திரவத்தை ஊற்றக் கூடாது; அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். துணியால் போர்த்திச் சூடு குறையாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தெளிந்து எழுந்தாலும் போகத்தான் வேண்டும். ஒருமுறை தாழ்ந்த சர்க்கரை மீண்டும் தாழலாம். குடற்புழுவோ தொற்றோ காரணமாகவும் இருக்கலாம்.

வராமல் தடுப்பது எளிது. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு அல்லது ஐந்து வேளை உணவு, இரவு படுக்கும் முன் ஒரு வேளை, விடிந்ததும் ஒரு வேளை. முதல் வாரத்தில் விருந்தினர் வரவைக் குறைத்துக் குட்டியை நன்றாகத் தூங்கவிட வேண்டும். இந்த வயதில் குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூக்கத்தில்தான் கழிக்கும்.

உணவும் தராசும்

முதல் இரண்டு வாரங்களுக்கு, முன்பிருந்த இடத்தில் என்ன உணவு கொடுத்தார்களோ அதையே கொடுக்க வேண்டும். பின்னர் புது உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை என்று குறைத்துக்கொள்ளலாம்.

பல வீடுகளில் குட்டிக்குக் கிடைப்பது பால், பிஸ்கட், தயிர்ச்சோறு. வயிறு நிறையும், ஆனால் எலும்பும் தசையும் முடியும் வளரத் தேவையான புரதம் அதில் போதாது. மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கும் வரும். இதற்கு நேர்மாறாக, வெறும் கோழிக்கறியை மட்டும் வேகவைத்துப் போடுவதும் தவறு. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் போதாதபோது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ள, வளரும் கால் வளைந்து, லேசாக இடித்தாலும் முறிந்துவிடும். குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் உலர் தீனியில் இந்த விகிதம் சரியாக இருக்கும். சிறு இனங்களுக்கான தீனியின் துண்டுகள் சிறியவை. வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். வீட்டுச் சமையலே கொடுக்க விரும்புபவர் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்வது அவசியம்.

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு ஆகியவை எல்லா நாய்களுக்கும் நஞ்சு. இருபது கிலோ நாய்க்குச் சிறு தொல்லை தரும் அளவே ஒரு கிலோ குட்டியைக் கொன்றுவிடக்கூடும். பாயசத்திலும் கேசரியிலும் திராட்சை இருக்கும். சாம்பாரிலும் குழம்பிலும் வெங்காயம் கரைந்திருக்கும். இலையில் மிச்சமானதைப் பாசத்தோடு நீட்டும் தாத்தா பாட்டிக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வேகவைத்த கோழி எலும்பும் கூடாது. அது ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

குட்டி இளைப்பதையோ பெருப்பதையோ முடி காட்டிக்கொடுக்காது. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துக் குட்டியை அதில் உட்காரவைத்து, வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வரலாம். வளரும் பருவத்தில் எடை ஒரே இடத்தில் நின்றாலோ இறங்கினாலோ ஏதோ கோளாறு என்று பொருள். கையாலும் பார்க்கலாம். விலாவில் விரல்களைத் தட்டையாக வைத்து வருடினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். ஆனால் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் உணவு அதிகம்.

தடுப்பூசியும் குடற்புழுவும்

குட்டிக்குத் தாயின் சீம்பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்பொருள்கள் சில வாரங்கள் காப்பளிக்கும். அவை இரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியையும் செயல்படவிடாமல் தடுத்துவிடும். எந்தக் குட்டிக்கு அவை எந்த வாரத்தில் தீரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். முதல் ஊசியோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் குட்டியைத் தெருவில் இறக்கிவிடுபவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

இந்த ஊசிகள் தடுக்கும் நோய்களுள் கொடியவை பார்வோவும் டிஸ்டெம்பரும். 1978இல் உலகின் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் வெடித்துக் கிளம்பிய பார்வோ வைரஸ், மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். வாந்தி, கெட்ட நாற்றத்தோடு இரத்தம் கலந்த கழிச்சல், உணவை மறுத்தல் ஆகியவை அறிகுறிகள். சாதாரண தரைக் கழுவிகளுக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும். முன்பு நாய் ஒன்று பார்வோவில் இறந்த வீட்டில், ஊசித் தொடர் முடியாத குட்டியைக் கொண்டுவரக் கூடாது.

ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில் போடப்படுகிறது. மறு ஊசி ஓராண்டு கழித்து. வீட்டைவிட்டு வெளியே போகாத குட்டிக்கு ரேபிஸ் ஊசி எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வாயில் கதவிடுக்கில் தெருநாய் ஒன்று முகர்ந்து கடித்தால் போதும்; அடர்ந்த முடிக்குள் அந்தக் கடி யார் கண்ணிலும் படாது. ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் நாயையும் காப்பாற்ற முடியாது, அது கடித்தவரையும் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவது கட்டாயம். அதற்கும் இந்த ஊசிச் சான்று தேவைப்படும்.

உருண்டைப் புழு, குட்டி கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடும். பாலின் வழியாகவும் வரும். இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் புழுநீக்க மருந்து கொடுப்பது வழக்கம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் இங்கும் தராசு உதவும். பக்கத்து வீட்டு லேப்ரடாருக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடக் கூடாது.

உண்ணி

நம் நாட்டு வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் உண்டு. குட்டை முடி நாயின்மேல் அது மிளகுபோல் தெரிந்துவிடும். பொமரேனியன்மேல் நூறு உண்ணி இருந்தாலும் வெளியே தெரியாது. உண்ணி உறிஞ்சும் இரத்தமே ஒரு கிலோ குட்டிக்குப் பேரிழப்பு. அதைவிட மோசமானது, அது பரப்பும் பபீசியா, எர்லிக்கியா நோய்கள். காய்ச்சல், ஈறு வெளிறுதல், சிறுநீர் கறுத்துப் போதல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தினமும் மாலையில் விரல் நுனிகளை முடிக்கு அடியில் தோலோடு ஓட்டித் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காதுமடலின் உள்ளும் பின்னும், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், கால்விரல் இடுக்கில் முதலில் தேட வேண்டும். தட்டுப்படும் உண்ணியைச் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் கூடாது. உண்ணிமருந்தை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்வதையே பயன்படுத்த வேண்டும்.

பழக்குதல்

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதைச் சந்திக்கிறதோ அதை இயல்பானது என்று ஏற்கிறது. அந்தக் காலத்தில் மனிதரையே காணாத குட்டி பிறகு மனிதரைக் கண்டு ஓடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று.

தடுப்பூசி முடியாத அதே வாரங்களில்தான் இந்தச் சன்னலும் திறந்திருக்கிறது என்பது வளர்ப்பவருக்கு ஒரு சங்கடம். பொமரேனியன் விஷயத்தில் இதற்கு எளிய வழி உண்டு: இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம். தரையில் விடாமல் தோள்பையில் உட்காரவைத்துத் தெருமுனைக்கும் கடைவாசலுக்கும் அழைத்துச்செல்லலாம். ஆட்டோ ஓசை, தலைக்கவசம் அணிந்தவர், குடை, கைத்தடி ஊன்றி நடக்கும் முதியவர் என எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். மிக்சி ஓசைக்கும் குக்கர் விசிலுக்கும் வீட்டிலேயே பழகிவிடும். தீபாவளிக்கு முன்பே வெடியோசைப் பதிவை மிக மெல்லிய ஒலியில் போட்டு, கூடவே தின்பண்டம் கொடுத்து வந்தால் முதல் தீபாவளி அவ்வளவு கொடுமையாக இருக்காது.

மலசலம் கழிக்கப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். மூத்திரப்பை சிறியது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், உண்டு முடித்த சில நிமிடங்களிலும், விளையாட்டுக்கு நடுவிலும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி மூலையில் செய்தித்தாள் விரித்துத் தொடங்கலாம். சரியான இடத்தில் கழித்த அந்த நொடியிலேயே பாராட்டும் தின்பண்டமும் கிடைக்க வேண்டும். தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது போன்றவற்றால் குட்டி கற்பது ஒன்றுதான்: இவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் போக வேண்டும்.

குரைப்பது ஸ்பிட்ஸ் வகையின் பரம்பரைத் தொழில். பண்ணை வீடுகளில் அன்னியர் வருவதை அறிவிக்கத்தான் இவற்றின் முன்னோர் வளர்க்கப்பட்டன. அழைப்புமணிக்கு இரண்டு குரல் குரைத்தபின் நிறுத்துவதற்குப் பழக்கலாம். முற்றாக நிறுத்த முயல்வது வீண். குரைக்கும்போது தூக்கி மடியில் வைத்துச் சமாதானம் செய்வது, குரைத்தால் மடி கிடைக்கும் என்றே அதற்குக் கற்பிக்கிறது. சிறிய நாய் என்பதால் அது உறுமுவதையும் கால்சட்டையைக் கடிப்பதையும் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட் செய்தால் எதற்குச் சிரிக்கமாட்டார்களோ அதைப் பொமரேனியன் செய்தாலும் சிரிக்காமல் இருப்பதே நல்ல பயிற்சி.

பல்லும் காதும்

நான்காம் மாதத்திலிருந்து பால் பற்கள் விழுந்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். ஒநாய்க்கும் இதே 42தான். பொமரேனியனின் தாடை மட்டும் சிறியது. நெரிசலில் பால் கோரைப்பல் விழாமல் நிற்க, பக்கத்திலேயே புதுக் கோரைப்பல் முளைத்து இரட்டைப் பல்லாகிவிடும். இடையில் உணவு சிக்கி ஈறு அழுகும், கடிவாயும் கோணலாகும். ஆறு மாதத்தில் இரட்டைப் பல் இருந்தால் மருத்துவர் பால் பல்லைப் பிடுங்கிவிடுவார். கருத்தடைக்காக மயக்கம் கொடுக்கும்போதே இதையும் முடித்துக்கொள்வதுண்டு. பல் துலக்கப் பழக்க வேண்டிய வயதும் இதுதான். மனிதருக்கான பற்பசை ஆகாது.

பல் முளைக்கும் மாதங்களில் நிமிர்ந்திருந்த காது ஒன்று மடங்கிக்கொள்வதுண்டு. ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை; பெரும்பாலும் பல் முளைத்து முடிந்ததும் காது தானே நிமிர்ந்துவிடும்.

முடி உதிரும் பருவம்

பொமரேனியன் வளர்ப்பில் மிகுந்த பதற்றத்தையும், அதன் விளைவாகப் பெரிய தவறையும் உண்டாக்குவது இந்தப் பருவம். குட்டியாக வந்தபோது இருந்த பஞ்சு முடி, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் உதிரத் தொடங்கும். முதலில் முகமும் கால்களும் மெலியும். பிறகு உடல் திட்டுத்திட்டாகக் கலையும். வால் எலிவால்போல் ஆகும். கண்ணைச் சுற்றி நிறம் மாறும். கிரீம் நிறக் குட்டி செம்பழுப்பாகவும், கருமை கலந்த குட்டி வெளிர் ஆரஞ்சாகவும் மாறிவிடக்கூடும். ஒரு மாதத்துக்குமுன் எடுத்த படத்தில் இருந்தது வேறு நாயோ என்று தோன்றும். சிலருக்கு இது நோயோ என்ற அச்சம். வேறு சிலருக்குக் கலப்பினத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற கோபம். பெரும்பாலும் இரண்டும் இல்லை. வளர்ந்த நாயின் முடிக்கு இடம்விட்டுக் குட்டி முடி விலகுகிறது, அவ்வளவே. தோல் சிவந்திருந்தாலோ, குட்டி ஓயாமல் சொறிந்தாலோ, வட்ட வட்டமாக வழுக்கை விழுந்து பொருக்குத் தட்டினாலோ மட்டும் அது வேறு. பூஞ்சையோ சொறிப்பூச்சியோ இருக்கலாம் என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் மொட்டையடித்துவிட்டால் முடி அடர்த்தியாக வரும் என்ற யோசனை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். அது நடந்துவிட்டால் சரிசெய்வது கடினம். பொமரேனியனின் முடி இரண்டு அடுக்கு கொண்டது. அடியில் கம்பளிபோன்ற குட்டை முடி. அதற்குமேல் நீண்டு விறைப்பாக நிற்கும் மேல்முடி. மேல்முடி மெதுவாக வளர்வது. தோலோடு மழித்துவிட்டால் மீண்டும் வர ஓராண்டுக்குமேல்கூட ஆகலாம். சில நாய்களுக்கு அடிமுடி மட்டும் திட்டுத்திட்டாக வந்து, மேல்முடி பழையபடி வராமலே போகும். அலோபீசியா எக்ஸ் என்ற, முடி கொட்டித் தோல் கறுத்துப்போகும் கோளாறும் இந்த இனத்தில் உண்டு. அந்தக் கூறு உடலில் மறைந்திருக்கும் நாய்க்கு மொட்டை எப்படி முடியும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. கால்பாதம், ஆசனவாய்ப் பகுதி, காது நுனி ஆகியவற்றைக் கத்தரியால் ஒழுங்குசெய்வதில் தவறில்லை.

செய்ய வேண்டியது சீவுவதுதான். உதிரும் பருவத்தில் தினமும், மற்ற காலத்தில் வாரம் மூன்று முறை. மேலோட்டமாகச் சீவினால் மேலே பளபளப்பும் அடியில் சிக்கும் இருக்கும். ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துத் தோல் தெரியும்படி வகிடு எடுத்து, வகிட்டின் கீழிருந்து சிறிது சிறிதாக வேரிலிருந்து நுனிவரை சீவ வேண்டும். அதற்குமுன் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்திக்கொண்டால் முடி முறியாது. காதுக்குப் பின்னாலும், அக்குளிலும், பின்தொடையிலும் சிக்கு முதலில் விழும். குளிப்பாட்டுவது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். சிக்கு எடுத்தபின்தான் குளிப்பாட்ட வேண்டும், ஏனெனில் நனைந்த சிக்கு இறுகிக் கட்டியாகிவிடும். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடிமுடியில் ஈரம் நிற்கும். மழைக்காலத்தில் அந்த ஈரமே புண்ணாகும். எனவே தோல்வரை காயும்படி மிதமான காற்றில் உலர்த்த வேண்டும்.

வெயில்

மொட்டையடிப்பவர்கள் சொல்லும் காரணம் வெயில். நாய்க்கு வேர்வை பாதங்களில் மட்டுமே. உடலின் வெப்பத்தை முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியேற்றுகிறது. சிக்கில்லாமல் சீவிய இரட்டை முடிக்குள் காற்று ஓடும். நேர்வெயில் தோலில் படாமலும் அது காக்கும். சிக்குப் பிடித்த முடிதான் போர்வைபோல் மூடி வெப்பத்தை அடைக்கும். ஆனால் முடி இருந்தால் வெயில் தாங்கும் என்று நினைப்பதும் பிழை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் இரைத்தாலும் உடல் எளிதில் குளிராது. கோடையில் காலை ஏழு மணிக்குமுன்னும் மாலை இருட்டியபின்னும் மட்டுமே நடை. தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பார்த்துச் சுட்டால், குட்டியின் பாதத்துக்கும் சுடும். இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. சாதாரணத் தண்ணீரை உடல்மேல், முடிக்குள் இறங்கும்படி ஊற்றி, விசிறிக்கு அடியில் வைத்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எலும்பும் மூச்சுக்குழலும்

பொமரேனியனின் முன்னங்கால் எலும்பு பென்சில் தடிமனே இருக்கும். சோபாவிலிருந்தோ கையிலிருந்தோ குதித்து முன்னங்கால் முறிவது இப்படிப்பட்ட சிறிய இனங்களில் சாதாரணமாக நடப்பது. மணிக்கட்டுக்கு மேலுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிவு கூடுவதும் தாமதமாகும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்த பிறகே குட்டியை மடியில் எடுக்க வேண்டும் என்பதை வீட்டு விதியாக்கலாம். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் ஒரு பாய் விரித்தாலே கால் வழுக்குவது பாதி குறையும். ஓடும்போது திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு சில அடி தத்திவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால், அது விளையாட்டு அன்று. முழங்கால் சில்லு தன் குழியிலிருந்து நழுவித் திரும்புகிறது என்று பொருள். இது இந்த இனத்தில் மிகப் பரவலான குறை.

மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்களும் மெலிவானவை. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் குழல் நசுங்கி, வாத்து கத்துவதுபோன்ற வறட்டு இருமல் வரும். பெயர்வில்லையைத் தொங்கவிட மட்டும் கழுத்துப்பட்டை. நடைக்குப் போகும்போது மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்.

பருவமடைதல்

பெண்குட்டிக்கு முதல் சினைப்பருவம் பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் வரும். முதல் பருவத்திலேயே இணைசேர்ப்பது இரண்டு வகையில் ஆபத்து: தாய் இன்னும் வளர்ந்து முடியவில்லை, குறுகிய இடுப்பு என்பதால் குட்டி ஈன அறுவை தேவைப்படும் நிலையும் வரலாம். கருத்தடை செய்யாத பெண்நாய்களுக்குப் பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். ஆண்குட்டிக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று வயிற்றிலேயே தங்கிவிடுவது பொமரேனியனில் உண்டு. அப்படித் தங்கியது பின்னர் புற்றாக மாறக்கூடும் என்பதால் அதை அகற்றிவிடுவார்கள். கருத்தடைக்கான வயதைக் குட்டியின் எடையும் உடல்நிலையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற அரசு சார்ந்த இடங்களிலும் இதற்கான வசதி உண்டு.

ஓராண்டு நிறையும்போது

எட்டு முதல் பத்து மாதத்தில் பொமரேனியனின் எலும்பு வளர்ச்சி ஏறத்தாழ முடிந்துவிடும். அதன்பின் குட்டித் தீனியிலிருந்து வளர்ந்த நாயின் தீனிக்கு ஒரு வார அவகாசத்தில் மாற்றலாம். மாற்றாமல் விட்டால் கொழுப்புச் சேர்ந்து முழங்காலுக்கும் மூச்சுக்குழலுக்கும் பாரமாகும். முதல் ஆண்டு முடிவில் பல்நோய்த் தடுப்பூசிக்கும் ரேபிஸுக்கும் மறு ஊசி உண்டு. அந்த வருகையின்போதே முழங்கால் சில்லு, இதய ஒலி, பல் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லலாம். படங்களில் காணும் முழு அடர்த்தியான பிடரிமுடியும் விசிறிபோன்ற வாலும் இந்த வயதில் பெரும்பாலும் வந்திருக்காது. அவை நிறைந்து வர இரண்டாம் ஆண்டு, சில நாய்களுக்கு மூன்றாம் ஆண்டும் ஆகும்.